மூன்று முறை பச்சைப் பொட்டலம்

பால்வினை நோய்ச் சிகிச்சையைத் தணிக்கை செய்யப் போனால் நான் முதலில் கேட்பது நோயாளிச் சீட்டுகளைத்தான். டெல்டா மாவட்டம் ஒன்றில் அப்படிப் புரட்டியபோது ஒரே பெண்ணின் சீட்டுகள் மூன்று கிடைத்தன. மூன்றிலும் ஒரே வரி: "வெள்ளைப்படுதல். பச்சைப் பொட்டலம்." பரிசோதனைக் கட்டம் மூன்றிலும் காலி.

பால்வினை நோய்களுக்கான அரசு சுகவாழ்வு மையங்களில் நிறம் பிரித்த பொட்டலங்களில் மருந்து இலவசம். பச்சையில் செக்னிடசோலும் ஃபுளுகொனசோலும் இருக்கும். யோனித் தொற்றுக்கு அவை போதும். உடலுறவில் பரவும் பாக்டீரியாக்களான கிளமிடியாவும் கொனோரியாவும் குடியேறுவதோ கருப்பைவாயில். அவற்றுக்கு அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம் அடங்கிய சாம்பல் நிறப் பொட்டலம் வேண்டும். எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்த்தாக வேண்டும். சில நிமிட வேலை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். படுக்கையைச் சுற்றித் திரை இல்லை என்றார் செவிலியர். கதவு திறந்தால் வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அங்கே எந்தப் பெண் படுப்பாள்? ஒரு முழம் துணி இல்லாததால் நேர்ந்த கொடுமை இது. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது. சத்தமில்லாமல் ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடும். பிள்ளை வரம் கேட்டுத் திருக்கருகாவூரில் நெய் வாங்கி வரும் பெண்ணுக்கு, அடைப்பு என்றோ கவனிக்காமல் விட்ட தொற்றால் வந்ததாக இருக்கலாம். ஊர் அவளைத்தான் ஏசும்.

துணைவர் சிகிச்சைக் கட்டத்தில் "திருப்பூர்" என்று மட்டும் எழுதியிருந்தது. கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை. அவருக்கும் மருந்து கொடுக்காவிட்டால், ஊர் வரும்போதெல்லாம் தொற்றும் திரும்பி வரும்.

அந்தப் பெண்ணை அழைத்தோம். குறுவை நடவு முடித்து, காலில் சேறு காய்ந்தபடி வந்தார். கயிறு கட்டி, சேலையைத் திரையாகப் போட்டுப் பரிசோதித்தேன். கருப்பைவாயில் சீழ். சாம்பல் பொட்டலத்தைக் கொடுத்து, கணவர் மருந்து எடுத்து ஏழு நாள் ஆகும்வரை உறவு வேண்டாம் என்றேன்.

ஆடிப்பெருக்குக்கு வந்த கணவர் மையத்துக்கும் வந்தார். "யாரிடமிருந்து யாருக்கு, டாக்டர்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதைச் சொல்ல எந்தப் பரிசோதனையாலும் முடியாது, மாதக்கணக்கில் தெரியாமலே உடலில் இருக்கக்கூடியது என்று விளக்கினேன். வெகுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு தண்ணீர் கேட்டு வாங்கி, மாத்திரைகளை எங்கள் முன்னாலேயே விழுங்கினார்.