படுக்கைக்கு அழைப்பா, பாலியல் கப்பமா?

போன வாரம் வீட்டில் ஒரு குற்றத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் டப்பிங். வில்லன் ஒரு படத் தயாரிப்பாளர். யாருக்கு வேஷம், யார் மூட்டை கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய ஒரு போன் காலில் முடிந்துவிடும். விசாரணை அறையில் ஓர் இளம் நடிகை உட்கார்ந்திருக்கிறாள். மூலத்தில் அவள் சொல்வது 'காஸ்டிங் கவுச்', அதாவது வேஷம் தர நடிகையின் உடலை விலையாகக் கேட்பது. தமிழ்க் குரல் சொன்னது: "அவர் என்னைப் படுக்கைக்கு அழைத்தார்." பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே கேட்டார்: "கூப்பிட்டா போகாம இருக்க வேண்டியதுதானே?"

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். 'அழைத்தார்' என்று காதில் விழுந்தால் தமிழில் அடுத்த கேள்வி 'போனாயா?' என்பதுதான். கல்யாணத்துக்கு அழைக்கிறோம், காதுகுத்துக்கு அழைக்கிறோம், பந்திக்கு அழைக்கிறோம். அழைப்பு என்றாலே மறுக்கவும் இடம் உண்டு. வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி, மொய்க்கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும், யாரும் உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட மாட்டார்கள். அந்தத் தயாரிப்பாளர் செய்தது இந்த வகையா?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'காஸ்ட்' என்பது எறிதல் என்ற பொருளோடு பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உலோகத்தை அச்சில் வார்ப்பது, நாடகத்தில் வேஷங்களைப் பங்கிடுவது எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பொருள்கள். 'கவுச்', படுத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சாய்விருக்கை. இரண்டையும் சேர்த்துப் பேசியது ஹாலிவுட். நடிகர்களை ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஸ்டூடியோக்கள் கட்டிப்போட்டிருந்த காலம் அது. முதலாளியின் அறையில் கிடந்த சோபாவே நடிகை தேர்வு நடக்கும் இடம் என்ற கிண்டலில் பிறந்த சொல். செய்தது முதலாளி, பெயர் கெட்டது மரச்சாமானுக்கு. ஆகவே சோபாவைத் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை ஒரு துணையுரையில் (சப்டைட்டில்) 'வார்ப்புப் படுக்கை' என்று பார்த்தேன். கொல்லுப்பட்டறைச் சமாசாரம் போலிருக்கிறது என்று கடந்து போய்விட்டேன். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, யாருக்கும் புரியாது, அவ்வளவுதான்.

'படுக்கைக்கு அழைத்தல்' அப்படியல்ல. எல்லோருக்கும் புரிகிறது, தப்பாகப் புரிகிறது. 'பட வாய்ப்புக்காகப் படுக்கைக்கு அழைத்த தயாரிப்பாளர், நடிகை பகீர்' என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்பீர்கள்? அந்த வரியில் கண் போய் நிற்பது படுக்கையில். தயாரிப்பாளர் வெறும் விருந்தழைப்பாளர். 'பகீர்' மட்டும் நடிகைக்கு. இன்னும் சிலர் 'படுக்கையைப் பகிர' என்று எழுதுகிறார்கள். பகிர்வது என்றால் இருக்கிற சோற்றை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வது. இதில் எவர் எதைப் பகிர்ந்தார்?

நடந்ததைச் சொல்வதிலும் 'படுக்கைக்கு அழைத்தல்' என்ற சொற்றொடர் பொய்யானது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வெயின்ஸ்டீன் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்த செய்தியில், நடிகை ஆஷ்லி ஜட் அழைக்கப்பட்டது காலைச் சிற்றுண்டியோடு தொழில் பேச. போன இடம் ஓட்டல் அறை, வந்து நின்றவர் குளியல் அங்கியில். படுக்கை என்ற பேச்சே அழைப்பில் கிடையாது, அதுதான் பொறி. பிற பெண்களின் புகார்களில் நடந்த வழக்கில் 2020இல் நியூயார்க்கில் அவருக்கு 23 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 2024இல் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, 2025 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் மீண்டும் குற்றவாளி என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் தனியாக 16 ஆண்டு. இத்தனை விசாரணையிலும் பேசப்பட்டது வன்புணர்வு, பாலியல் வன்செயல். 'அழைத்தல்' என்று எந்தக் குற்றப்பிரிவும் அங்கே இல்லை, நம் செய்தி அறைகளில்தான் இருக்கிறது.

அப்புறம் 'அட்ஜஸ்ட்மென்ட்'. மலையாளத் திரையுலகை ஆராய 2017இல் அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை, அரசிடம் கொடுத்து நாலரை ஆண்டுக்கு மேல் கிடந்து, 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அங்குள்ள பெண்களுக்குப் பழகிப்போன இரண்டு சொற்களைச் சொன்னது: அட்ஜஸ்ட்மென்ட், காம்ப்ரமைஸ். நம் ஆட்கள் உடனே 'அனுசரிப்பு', 'சமரசம்' என்று பெயர்த்துவிட்டார்கள். அனுசரித்துப் போ என்பது புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த புத்திமதி. சமரசமோ வள்ளலார் சன்மார்க்கத்துக்கு முன்னால் வைத்த சொல். ஒருவன் கையில் வேலையும் மற்றவள் கையில் வெறும் புகைப்படத் தொகுப்பும் இருக்கும் இடத்தில் என்ன சமரசம்? அது குற்றம் செய்கிறவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயர். வில்லன் பேசும்போது 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்று அப்படியே வரட்டும், அவன் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். போலீஸ்காரரும் செய்தியாளரும் அவன் சொல்லைக் கடன் வாங்குவதுதான் எனக்கு ஆகாது.

சரி, எதைத்தான் வைப்பது? இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'பாலியல் லஞ்சம்' என்ற சொல் வெகுநாளாகப் புழங்குகிறது. நம்முடையதைவிட ஆயிரம் மடங்கு மேல். படுக்கையை விட்டுவிட்டுப் பதவிக்கு வருகிறது. தனித்தமிழ் வேண்டுபவர்கள் 'பாலியல் கையூட்டு' என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் லஞ்சத்தில் ஒரு வில்லங்கம்: கொடுப்பவருக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் மட்டுமே தப்பலாம். வருடக்கணக்கில் வாய் திறக்க முடியாமல் கிடந்தவளுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. 'மாமூல்' என்றார் ஒரு நண்பர். மாமூல் என்றால் வழக்கம் என்று பொருள். ஊரே வழக்கம் என்று சொல்லித்தானே அதை மூடிவைத்திருந்தது?

என் ஓட்டு 'பாலியல் கப்பம்' என்பதற்கு. கப்பம் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுவது. கட்டாவிட்டால் படை வரும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கட்டியவனை யாரும் திருடன் என்பதில்லை. இலங்கையில் கப்பம் இன்னும் உயிரோடிருக்கும் சொல். மிரட்டிப் பறிக்கிற பணத்துக்கு அங்கே அதுதான் பெயர், 'கப்பம் கோரினர்' என்று செய்தி வரும். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட உண்டு. சங்கத் தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'திறை' என்பார்கள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் சினிமா சங்கதியில் 'பாலியல் திறை' என்று காதில் விழுந்தால் வெள்ளித்திரையா சின்னத்திரையா என்று கேட்பார்கள்.

டப்பிங்கில் உதட்டசைவு இடிக்கும் என்று எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஓரிரு அசை கூடும்தான். முழுச் சொல்லையும் வைக்க வேண்டியதில்லை. 'சான்ஸ் வேணும்னா கப்பம் கட்டணும்னான் சார், பணமா இல்ல' என்று அந்தப் பெண் சொல்லட்டும்.

இந்த வரியை அத்தையிடம் சொல்லிக் காட்டினேன். பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"கப்பமா? யாரு கேட்டது, அந்த மொட்டத்தலையனா?"