பன்னிரண்டு நாளாகியும் மருந்து ஏன் கேட்கவில்லை?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளாகிறது. வயிற்றைப் பிரட்டுகிறதே தவிர மருந்து கேட்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார் சித்தி. மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கயிறு உங்கள் இஷ்டம். கயிறோடு நின்றால் சரி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளின் காப்பகத்தில், சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் கருகியதை என்னால் மறக்க முடியவில்லை.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின் வகை மாத்திரைகளின் வேலை எளிது. நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும், பிறகு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அந்த உறிஞ்சும் வாயை அடைக்கிறது. சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. அப்புறம் மனம் தெளிய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மூளைத்தண்டின் நடுவே ராஃபே என்றொரு சிறு செல் கூட்டம். மூளையின் செரோடோனினில் பெரும்பங்கு இந்த செல்களிலிருந்துதான் வருகிறது. தாங்கள் விட்ட செரோடோனினைத் தாங்களே மோப்பம் பிடிக்கும் ஏற்பிகளும் அவற்றின் மேல் இருக்கின்றன. மொட்டைமாடித் தொட்டியின் மிதவை மாதிரி: தண்ணீர் ஏறினால் மிதவை எழும், மோட்டார் நிற்கும். மாத்திரை போட்டதும் ராஃபேயைச் சுற்றிச் செரோடோனின் ஏறுகிறது. மிதவை எழுகிறது. செல்கள் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. மாத்திரை நிரப்பப் பார்க்க, மூளை மோட்டாரை அணைத்துவிடுகிறது!

ஆனால் நாள்கணக்கில் செரோடோனின் வடியாமல் நின்றால் ஏற்பிகள் மரத்துப்போகும், கருவாட்டுக் கடைக்காரருக்கு வாடை தெரியாமல் போவதுபோல. மோட்டார் மறுபடி ஓடும். உறிஞ்சும் வாயோ இன்னும் அடைபட்டே இருக்கும். இதற்கே இரண்டு, மூன்று வாரம் ஆகிவிடும். நரம்புகள் புதுக் கிளை விடுவதும் சேர்ந்தால் இன்னும் நாளாகும்.

மனச்சோர்வு மருந்துகளின் முன்னோடி ஒன்று காசநோய் வார்டிலிருந்து வந்தது. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள். சோர்ந்து கிடந்த நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். அதன் உடன்பிறப்பான ஐசோனியாசிட்டைத்தான் இன்றும் நம் தெருக்களில் காசநோய்க்காக விழுங்குகிறார்கள். பயன் என்னவென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

வயிற்றுப் பிரட்டலுக்கு வருவோம். உடம்பின் செரோடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அதனால் வயிறு முந்திக்கொள்கிறது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் கொடுக்காமல் இரண்டு இட்லிக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். அம்மா மிகவும் பதறினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மட்டும் வாரக்கணக்கு பார்க்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.