ஆளுயரக் கண்ணாடியும் ஜாக்கெட் ட்ரையலும்

இந்த முகூர்த்த சீசனிலும் தையல் கடையில் அதே கதைதான். ட்ரையலுக்கு வந்த கல்யாணப் பெண் ஜாக்கெட்டைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போகிறது. "எனக்கு எதுவுமே செட் ஆகாதுக்கா, அஞ்சு கிலோ குறைச்சிட்டு வரேன்." கூட வந்த அத்தை, "நான் அப்பவே சொன்னேன்ல, கேட்டியா?" என்கிறார். பெண்ணின் கண் கலங்குகிறது. அந்த ஜாக்கெட்டுக்குத் தேவைப்பட்டது இரண்டு பக்கமும் கால் அங்குலம் பிரித்துவிடுவது. பக்கத்துக்குக் கால் அங்குலம் பிரித்தால், முன்துணியிலும் பின்துணியிலும் சேர்ந்து கூடுவதால், சுற்றளவில் 1 அங்குலம் கூடிவிடும். பத்து நிமிஷ வேலை.

துணி பிடிக்கவில்லை என்றால் கோளாறு உடம்பில் என்று முடிவு கட்டுகிறீர்களே, இதைத்தான் தாங்க முடியவில்லை. துணி உடம்புக்காக வெட்டப்படுவது. பிடிக்கவில்லை என்றால் அளவோ வெட்டோ தையலோ தப்பு. எங்கே தப்பு என்பதைத் துணியே கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோட்டைப் படிக்கத்தான் ஆளுயரக் கண்ணாடி.

கொக்கிப் பட்டிக்குக் குறுக்கே, மார்பில் படுக்கைக் கோடு இழுத்தால் அங்கே துணி போதவில்லை. பக்கத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். மார்பிலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடினால் டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் கூர்மடிப்பு) ஆழம் போதவில்லை, அல்லது இடம் தவறி விழுந்திருக்கிறது. இதற்குப் பக்கத்தைப் பிரித்தால் தொளதொளப்புதான் மிச்சம். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சரிந்தால் உங்களுக்குச் சரிவான தோள்; ஷோல்டர் தையலைக் கைப்பக்கம் கால் அங்குலம் இறக்கிப் பிடித்தால் கோடு மறையும். சுடிதார் டாப்பில் பின்கழுத்துக்குக் கீழே படுக்கையாக ஒரு மடிப்பு நின்றால் முதுகு நீளம் அதிகம். ஸ்லிட் (பக்கத் திறப்பு) வாய் பிளந்து நின்றால் இடுப்புக்குக் கீழே சுற்றளவு போதவில்லை. முன்பக்க விளிம்பு மட்டும் மேலே ஏறியிருந்தால் மார்போ வயிறோ அந்த நீளத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை முன்பக்கத்தை அந்த அளவுக்குக் கூட்டி வெட்ட வேண்டும்.

கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறுகிறதா? "கை குண்டு" என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆர்ம்ஹோலை, அதாவது கை சேரும் வளைவை, கீழே இறக்கி வெட்டிவிட்டார்கள். வெட்டியதை மேலே ஏற்ற முடியாது. அக்குளில் சின்ன டைமண்ட் துண்டு வைத்துச் சமாளிக்கலாம், அடுத்த ஜாக்கெட்டில் திருத்தலாம். (தொழிலில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: இறுக்கம் என்றதும் ஆர்ம்ஹோலைத் தோண்டாதீர்கள்.)

இனி கண்ணாடி. பல வீடுகளில் இருப்பது பீரோக் கதவில் ஒரு குறுகல் கண்ணாடி. ஓரத்தில் வரிசையாகப் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள், பாதிக்குக் கீழே கட்டில் மறைக்கும். அதில் முகமும் மார்பும் தெரியும், மனசு அங்கேயே சிக்கிக்கொள்ளும். தள்ளி நின்றால் கால் வரை தெரியும் என்று நினைப்பது தப்பு. நேராக நிற்கும் கண்ணாடியில் எவ்வளவு தள்ளிப் போனாலும் அதே அளவு உடம்புதான் தெரியும். முழுசாகத் தெரிய உங்கள் உயரத்தில் பாதி நீளக் கண்ணாடி போதும், மாட்டும் உயரம் சரியாக இருந்தால். 160 செ.மீ. உயரம் என்றால் கண் மட்டம் சுமார் 149 செ.மீ. கண்ணாடியின் கீழ் விளிம்பு அதில் பாதி, அதாவது தரையிலிருந்து 75 செ.மீ.க்கு மேலே போகக்கூடாது. மேல் விளிம்பு 155 செ.மீ.க்குக் கீழே இறங்கக்கூடாது. வீட்டில் குட்டையானவரும் நெட்டையானவரும் இருப்பார்கள். அதனால் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் வாங்கி, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மாட்டுங்கள், எல்லோருக்கும் சரியாக வரும்.

கண்ணாடி 5 மி.மீ. கனம் இருக்கட்டும். மெல்லிய கண்ணாடியும் பிளாஸ்டிக் ஷீட்டும் சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளையும். ஒரு இடத்தில் உடம்பு அகலும், இன்னொரு இடத்தில் நீளும். தெரிந்துகொள்ள, எதிரே உள்ள கதவு நிலையின் நேர்க்கோடு கண்ணாடியில் தெரியும்படி நின்று, தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். சுவரில் சாய்த்து வைத்தால் கால் நீண்டு, ஆள் ஒல்லியாகத் தெரியும். மேல்பக்கம் முன்னால் கவிழ்ந்திருந்தால் கால் குட்டையாகும். கடை ட்ரையல் ரூமில் "இங்க நல்லாத் தெரிஞ்சுது, வீட்ல தெரியலயே" என்பதற்குப் பெரும்பாலும் சாய்மானமோ விளக்கோதான் காரணம். 5 மி.மீ. கனத்தில் நான் சொன்ன அளவு கண்ணாடி கிட்டத்தட்ட 7 கிலோ வரும். டபுள் டேப்பை நம்பாதீர்கள், ஸ்க்ரூ கிளாம்ப் போடுங்கள், குழந்தைகள் நடமாடும் இடம்.

உச்சியில் ஒற்றை விளக்கு எரிந்தால் கண்ணுக்குக் கீழும் வயிற்று மடிப்பிலும் நிழல் விழும். வெளிச்சம் முன்னாலிருந்து உங்கள் மேல் விழ வேண்டும். ஜன்னல் பக்கம் முகம் இருந்தால் நல்லது. பட்டின் நிறத்தை மஞ்சள் விளக்கில் முடிவு செய்யாதீர்கள்.

நிற்கும் இடம் 5, 6 அடி தூரம். 6 அடியில் நின்றால் 12 அடிக்கு அப்பால் நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிவீர்களோ அப்படித் தெரியும். பந்தியிலும் மேடையிலும் உங்களை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு அடியில் ஒட்டி நின்று தோலைத் துருவிப் பார்ப்பதால் எந்த உடையும் சரியாகாது. முன்கேமரா செல்ஃபியும் அளவுகோல் ஆகாது. கை நீளத்துக்குள் எடுத்த படத்தில் மூக்கு பெருத்துத்தான் தெரியும். படம் வேண்டுமென்றால் போனை மார்பு உயரத்தில் வைத்து, 10 அடி தள்ளி நின்று டைமரில் எடுங்கள்.

அப்புறம், கண்ணாடி முன்னால் வாயில் வருகிற வார்த்தைகள். "அசிங்கமா இருக்கு" என்பதை வைத்து எந்த டெய்லரும் கத்திரியை எடுக்க முடியாது. அளவுப் பாஷையில் பேசிப் பழகுங்கள்: இடது தோள் அரை அங்குலம் இறக்கம், கழுத்து நீளம், இடுப்புக்கு மேல் குட்டை, கீழே நீளம். இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருப்பவர்கள் அபூர்வம். உச்சி முதல் பாதம் வரை ஐந்து நிமிஷம், தீர்ப்புச் சொல்லாமல், இருப்பதை இருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். உடம்பைப் பற்றிய வேதனைக்கு மனநல சிகிச்சையிலும், நிபுணர் துணையோடு, கண்ணாடி முன் இப்படிச் சொல்ல வைக்கும் பயிற்சி இருக்கிறது. இரண்டு வாரம் தினமும் போட்ட உடையை ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தக் கழுத்து, எந்த டாப் நீளம், கை எங்கே முடிந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஜாக்கெட் கை முடியும் இடத்தில் பார்ப்பவர் கண் குறுக்கே ஓடும், அதை மட்டும் கவனியுங்கள்.

அம்மாக்களே, அத்தைகளே, கெஞ்சிக் கேட்கிறேன். வயசுக்கு வந்த பெண்ணை ட்ரையலில் நிறுத்தி "குண்டாயிட்ட" என்று சொல்லாதீர்கள். அவள் காதில் அந்தச் சொல் பல வருஷம் நிற்கும். ஒரு பெண் மணிக்கணக்கில் கண்ணாடியை விட்டு நகராமல் இருந்தாலோ, கண்ணாடியையே மூடி வைத்தாலோ, சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, விசேஷங்களுக்கு வர மறுத்தாலோ அது டெய்லர் தீர்க்கும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ட்ரையலுக்கு வரும்போது அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையையே போட்டு வாருங்கள். அது மாறினால் மார்பளவும் மாறும். உள்பாவாடையும் செருப்பும் கையோடு வரட்டும். செருப்பு இல்லாமல் கட்டிப் பார்த்த சேலை, கல்யாணத்தன்று தரையை விட்டு மேலே நிற்கும். கொசுவத்தை முன்னால் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துத் திரும்பி, பின்பக்க விளிம்பும் அதே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்து பாருங்கள், ஆரத்தித் தட்டு பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டிப் பாருங்கள். கடைசியாக டெய்லரிடம், இரண்டு பக்கமும் உள்ளே 1 அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் உடம்பு மாறினால் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.