சப்ஊஃபர் ‘துணை ஒலிபெருக்கி’ ஆகுமா?

சென்ற மாதம் என் தங்கை மகன், தன்னிடமிருந்த சிறிய ஒலிபெருக்கி இணையோடு சேர்ப்பதற்கு, மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் பெட்டியான சப்ஊஃபர் ஒன்றை வாங்கினான். உடன் வந்த தமிழ்க் கையேடு அதனைத் ‘துணை ஒலிபெருக்கி’ என்றது. துணை என்றால் மற்ற இரண்டும் பாடுவதை இதுவும் கூடப் பாடும் என்று அவன் எண்ணிக்கொண்டு, எந்த அதிர்வெண் வரை அது ஒலிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் பின்புறத் திருகை 200 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி வைத்துவிட்டான். விளைவு, செய்தி வாசிப்பவரின் பாதிக் குரல் சோபாவுக்குப் பின்னாலிருந்த மூலையிலிருந்து வந்தது.

இந்தச் சொல்லை நான் காண்பது முதல்முறையன்று. விளம்பரங்களிலும் ஓயாமல் வருகிறது. ஆனால் அது ஒருவருடைய வீட்டில் இவ்வளவு நேரடியாகக் குழப்பம் விளைவித்ததை அன்றுதான் கண்டேன்.

சொல்லின் பிறப்பு எளியது. நாய் அடித்தொண்டையில் எழுப்பும் ‘ஊஃப்’, தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபர் ஆயிற்று. குருவியின் கீச்சொலி, உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் ஆயிற்று. இரண்டும் 1930களில் ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்தவை. சப் என்பது இலத்தீன முன்னொட்டு. அதன் முதற்பொருள் ‘கீழே’. ஊஃபர் இறங்கமாட்டாத அதிர்வெண்களுக்கும் கீழே இறங்குவது சப்ஊஃபர். அவ்வளவுதான்.

‘துணை’ என்போரிடமும் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். மனிதக் குரலை அத்தனை இயல்பாகத் தரும் அந்தப் பெட்டி, ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தக் குறையை நிரப்ப ரோஜர்ஸ் நிறுவனம் ஏபி1 என்ற தனிப்பெட்டியைச் செய்து விற்றது. சிறியவற்றுக்கு உதவ வந்த பெட்டி துணைதானே என்று கேட்பார்கள். உதவி என்பது அதன் பயன். பெயர் சுட்டுவதோ அது நிற்கும் இடம். மேலும், அது செய்வது எடுபிடி வேலையும் அன்று. ஒலியின் அளவு குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, இறங்க வேண்டுமானால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சிறிய பெட்டிகளால் ஆகாத அந்தச் சுமையைத் தனியே தூக்குவதற்குத் துணை என்று பெயரிடுவது, அடித்தளத்தைத் துணைத்தளம் என்பதற்கு ஒப்பாகும்.

சப் என்று கண்டவுடன் துணை என்று எழுதும் கை, பொருளைப் பாராமல் எழுத்தை மட்டும் பார்க்கும் கை. சார்பதிவாளர், துணைக்குழு என்பவற்றில் அந்த முன்னொட்டு பதவியையும் கிளையையும் குறிப்பதால் அங்கே அது பொருந்தும். சப்மரீனைத் ‘துணைக்கடல்’ என்று ஒருவரும் எழுதவில்லையே. நீர்மூழ்கி என்றுதானே பெயரிட்டோம்! அதே கையேட்டில் லோபாஸ் வடிப்பான் ‘குறைந்த தேர்ச்சி வடிகட்டி’ ஆகியிருந்தது. தேர்வெழுதி மதிப்பெண் குறைந்து போனது யார் என்று எனக்கு விளங்கவில்லை. தாழ் அதிர்வெண்களை மட்டும் விடும் வடிப்பான் என்று எழுதியிருந்தால், அந்தப் பையனே திருகை 80 அளவில் நிறுத்தியிருப்பான். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் பிரித்தறியாது. ஆகையால் பெட்டி மூலையில் கிடந்தாலும் குரல் அங்கே போய்விடாது.

அப்படியானால் தகுந்த சொல் எது? குரைப்பை வைத்துச் சொல்லாக்க முடியாது. தமிழ் நாய் ‘வள்’ என்று குரைப்பதால் அது ட்வீட்டருக்கு நெருங்கிவிடும். ‘முழக்கி’ என்றார் நண்பர் ஒருவர். காதுக்கு இனிமைதான்; ஆனால் சிறிய ஒலிபெருக்கிகளோடு செவ்வையாக இணைந்த சப்ஊஃபர் முழங்கக் கூடாது, இருப்பதே தெரியக் கூடாது. தமிழிசை மரபு கீழ்ஸ்தாயியை மெலிவு என்கிறது. சிலப்பதிகாரத்தில் வலிவும் மெலிவும் சமனும் சேர்ந்தே வருகின்றன. இன்றோ ‘மெலிவொலிப்பான்’ என்று கடையில் கேட்டால், காசு கொடுத்து நோஞ்சானை வாங்குவது போலாகும்.

நான் ‘அடியொலிப்பான்’ என்று எழுதுகிறேன். அடிமண், அடித்தொண்டை, அடிக்குரல் என்று ‘கீழே’ என்ற பொருள் அதில் தானே அமைகிறது. காலடி ஓசையை நினைவூட்டுகிறது என்ற குறை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பிடிக்காதவர்கள் சப்ஊஃபர் என்றே எழுதலாம்; கடைக்காரருக்கும் அது புரியும், தங்கை மகனுக்கும் புரியும்.