சங்கிலிக் கவசம் இல்லை, வளையக் கவசம்

இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த போர்ச்சட்டையைச் 'சங்கிலிக் கவசம்' என்று எழுதுவதை இனியாவது விடலாம். ஆங்கிலத்தில் 'செயின் மெயில்' என்கிறார்கள், செயின் என்றால் சங்கிலி, அவ்வளவுதான் யோசனை. 'மெயில்' பிரெஞ்சு வழியாக லத்தீன் 'மாகுலா'வுக்குப் போகிறது, பொருள் வலைக்கண். 'செயின்' பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

சங்கிலி ஒரே வரிசையில் ஓடும். ஒரு கண்ணி அறுந்தால் கதை முடிந்தது. இந்தச் சட்டையிலோ பெரும்பாலும் ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களைக் கோத்து நிற்கும். நல்ல வேலைப்பாட்டில் வளையத்தின் முனைகளைத் தட்டிச் சிற்றாணி அறைந்திருப்பார்கள். ஒன்றிரண்டு போனாலும் சட்டை தாங்கும். இதில் சங்கிலி எங்கே இருக்கிறது?

செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பாரசீகத்தில் இது 'ஜிரிஹ்'. காக்கேசியாவின் தாகெஸ்தான் மலையிலுள்ள குபாச்சி ஊரின் பழைய பெயரே 'ஜிரிஹ்கெரான்', அதாவது ஜிரிஹ் செய்கிறவர்கள். 10ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் அல் மசூதி இவர்களைக் குறிப்பிடுகிறார். குபாச்சி என்பதும் அதே பொருள் கொண்ட துருக்கியப் பெயர்தான். காக்கேசியாவின் மேற்கே வாழ்ந்த சர்க்காசியர் நாட்டுச் சட்டைகளுக்குக் கிரிமியாவை ஆண்ட கான்களிடமும் மாஸ்கோவிலும் தனி மதிப்பு. 17ஆம் நூற்றாண்டில் ரஷ்ய மன்னர் ஜார் அலெக்ஸி, செய்யும் கம்மியர்களையே மாஸ்கோவுக்கு அனுப்பச் சொன்னார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் 'மெய்ம்மறை', அதாவது உடலை மறைப்பது, என்பார்கள். பதிற்றுப்பத்து சேரனையே 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறது, அருமையான சொல். ஆனால் தோலில் செய்தாலும் தகட்டில் செய்தாலும் அது மெய்ம்மறைதான். வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பொதுச்சொல் எதற்கு? கவசம் வடசொல்லாம், ஆகாதாம். புறநானூற்றின் 13ஆம் பாட்டு 'புலிநிறக் கவசம்' என்று கூசாமல் ஆள்கிறது. அப்புறம், கவசத்தை விரட்டுகிறவர்கள் வடமொழிச் 'சிருங்கலா'வோடு உறவுள்ள சங்கிலியை மட்டும் எப்படி உள்ளே விட்டார்கள்?

என் ஓட்டு 'வளையக் கவசம்'. பார்த்தவுடன் புரியும். தகடுகளை இடையிடையே சேர்த்த வகைக்குத் 'தகடு கோத்த வளையக் கவசம்' என்று நீட்டவும் முடியும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் சங்கிலியாக்கிவிடுவதால், எந்த அரசர் எதை வாங்கினார் என்றே தெரியாமல் போகிறது.

இதே கைகள்தான் சர்க்காசியரின் ஷாஷ்காவைக் 'கொடுவாள்', அதாவது வளைந்த வாள், ஆக்குகின்றன. கைக்காப்பு இல்லாத, லேசாக மட்டுமே வளைந்த வாள் அது. சர்க்காசியரின் அடிகே மொழியில் பெயரின் பொருளே 'நீளக் கத்தி'. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் படை அதை ஏற்றபோது பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. நாமும் ஷாஷ்கா என்றே எழுதலாம்.