கறுத்த வார்னிஷுக்கு அடியில்

ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் பழைய திருவோவியங்கள் கரும்பழுப்பு நிறத்தில்தான் வரையப்பட்டன என்று 19ஆம் நூற்றாண்டில் பலரும் நம்பினார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது ஓவியத்தை அன்று. அதன் மேல் பூசப்பட்டுக் கறுத்துப்போன எண்ணெயைத்தான்.

இவ்வோவியங்கள் மரப்பலகையின் மேல் அடுக்கடுக்காக உருவானவை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சைத் தடவித் தேய்த்து வழவழப்பாக்கிய பின், முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த நிறமிகளால் வரைவார்கள். இறுதியாக, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசுவார்கள். ரஷ்யர்கள் இதனை ‘ஒலீஃபா’ என்பார்கள். பூசிய அன்று நிறங்களுக்கு ஆழத்தைத் தரும் இந்த எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, தன் கொழுப்பு அமிலங்களைப் பின்னிப் பிணைத்து இறுகுகிறது; அந்த வினையே நாளடைவில் அதனை மஞ்சளாக்கிப் பழுப்பாக்குகிறது. மெழுகுவர்த்திப் புகையும் அதில் படிய, சுமார் 80 முதல் 100 ஆண்டுகளுக்குள் உருவங்கள் மங்கிவிடும். அப்போது வேறொரு ஓவியர் பழைய கோடுகளைப் பின்பற்றி அதன் மேலேயே புதிதாக வரைந்துவிடுவார். இப்படியே ஒரே பலகையில் பல நூற்றாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

ஆகவே மூல ஓவியத்தை மீட்டெடுப்பவர் முதலில் செய்வது சுத்தம் செய்வதன்று, ஆராய்வது. புற ஊதா ஒளியில் பழைய வார்னிஷ் ஒளிர்வதும், பிற்காலத் தீட்டல்கள் பெரும்பாலும் கருந்திட்டுகளாகத் தெரிவதும் அவருக்கு வழிகாட்டும். ஈய வெள்ளை என்ற நிறமி எக்ஸ்-கதிரை மறிப்பதால், அடியில் மறைந்த முகத்தின் வெளிச்சப் பகுதிகள் படத்தில் வெண்மையாகப் பதியும். பலகையிலிருந்து எழும்பிய வண்ணச் செதில்களை, மெல்லிய காகிதத்தின் வழியே வெதுவெதுப்பான மீன் பசையைச் செலுத்தி முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்யும் பஞ்சோடு வண்ணமும் வந்துவிடும்.

பிறகு ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தில் சோதனை தொடங்கும். கரைப்பானில் நனைத்த ஃபிளானல் துண்டை அங்கே வைத்து, கரைப்பான் ஆவியாகாதபடி கண்ணாடித் துண்டால் மூடி, சில நிமிடம் காத்திருப்பார்கள். துணியை எடுத்ததும், கண்ணாடிபோல் இறுகியிருந்த எண்ணெய்ப் படலம் உப்பிக் கூழாகியிருக்கும்; அதனை நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியால் மெல்ல வழித்தெடுப்பார்கள். அடியிலிருக்கும் வண்ணம் ஏன் கரைவதில்லை? முட்டையின் புரதங்கள் காலப்போக்கில் இறுகிவிட்டதால், எண்ணெயை உப்பவைக்கும் கரைப்பான் அவற்றை எளிதில் தொடுவதில்லை. சுத்திகரிப்புக் கலை முழுவதும் இந்தக் கரைதிறன் வேறுபாட்டை நம்பியே நிற்கிறது. ஆனால் அந்த இடைவெளி குறுகியது. முகத்தின் மேல் கடைசியாக இழுக்கப்பட்ட மெல்லிய வெளிச்சக் கோடுகள் ஓரிரு நிமிடத் தாமதத்திலேயே போய்விடக்கூடும். முற்காலத்தில் சாம்பற்காரத்தால் கழுவியவர்கள் எண்ணெயோடு முகத்தையும் சேர்த்தே கழுவினார்கள்; காரத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

எந்த அடுக்கில் நிறுத்துவது என்பது வேதியியலால் மட்டும் தீராத கேள்வி. இடைக்கால ரஷ்ய ஓவியர் ஆந்திரேய் ரூப்ளேவின் ‘திரித்துவம்’ ஓவியத்தின் மேல் பொருத்தியிருந்த பொற்கவசத்தை 1904இல் கழற்றியபோது கீழே தெரிந்தது பிற்காலத் தீட்டலே. அதனைச் சுத்தம் செய்த வசீலி குர்யானோவ், பழைய வண்ணத்தை வெளிப்படுத்திவிட்டுச் சில இடங்களில் தாமே மீண்டும் தீட்டினார். 1918இல் தொடங்கிய அடுத்த சுத்திகரிப்பில் அதையும் அகற்ற வேண்டியிருந்தது. மரியாளும் குழந்தை இயேசுவும் உள்ள ‘விளாதிமிர் அன்னை’ ஓவியத்திலோ 12ஆம் நூற்றாண்டு வண்ணமாக எஞ்சியவை இரு முகங்களும் வேறு சில சிறு பகுதிகளுமே. பிற்காலத்தது என்பதற்காக மற்றதையெல்லாம் சுரண்டியிருந்தால், வெறும் சுண்ணப் பூச்சில் இரண்டு முகங்கள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே பிற்காலக் கைகளின் வேலையும் அங்கே காக்கப்பட்டது.

வண்ணம் உதிர்ந்த இடங்களை நிரப்பும்போதும், வேண்டுமானால் பின்னால் நீக்கிவிடக்கூடிய நீர்வண்ணத்தையே பயன்படுத்துகிறார்கள். சில ஓவியங்களின் மூலையில் ஒரு சிறு கருஞ்சதுரம் தெரியும். அது கவனக்குறைவன்று, முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாக, மீட்டெடுத்தவர் வேண்டுமென்றே கழுவாமல் விட்ட பழைய ஒலீஃபா.