குவில்ட்: தமிழில் துன்னச்சீலை

குவில்ட் என்றதும் பலருக்கு வடநாட்டுப் பஞ்சுப் போர்வையான ரஜாய்தான் நினைவுக்கு வரும். ‘மெத்தைப் போர்வை’ என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. சுவரில் மாட்டுவதற்காகவே தைக்கும் ஓவியக் குவில்ட்டைப் போர்வை என்று எப்படிச் சொல்வது?

மூலம் லத்தீனின் ‘குல்கிதா’; அடைத்துத் தைத்த மெத்தை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று இதற்கு இலக்கணம் தையல்தான்: மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் ஊடுருவித் தைத்திருந்தால் குவில்ட். துண்டுகளை மூட்டுவதோடு நின்றால் அது பேட்ச்வொர்க், நம் ஒட்டுத்துணி. உருவம் வெட்டித் துணிமேல் வைத்துத் தைப்பது அப்ளிக். தேரில் தொங்கும் தொம்பையில் இருப்பது அந்த வேலைதான்.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று கிடக்கிறது: துன்னம். பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ வருகிறது. வேறு நூல் ஓட்டித் தைத்த கந்தல். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் துன்னகாரர் இருக்கிறார்கள். துன்னுதலுக்குத் தைத்தல், நெருங்குதல் என இரண்டு பொருளும் உண்டு. நெருக்கமாகத் தைக்கும் வேலைக்கு இது கச்சிதம். பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவுக்கு உறவான ‘கந்தை’யும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கண்காட்சியில் கந்தை என்று எழுதி வைத்தால் யார் விலை கேட்பார்கள்? தேர்ச்சீலை, திரைச்சீலை வரிசையில் ‘துன்னச்சீலை’ என்பதே என் தேர்வு.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒரு துன்னச்சீலையாகத் தைப்பதாக வைத்துக்கொள்வோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். ஓரத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. படம் தானாக அமைந்துவிடுகிறது. 24×36 அங்குலம் போதும். அடித்துணிக்குக் காடா, நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டவேண்டும், தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும்.

தையல்கடை வெட்டுத்துண்டுகளையும் பழைய லுங்கியையும் முதலில் அலசிக் காயவைக்கவேண்டும். சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி அமெரிக்காவில் விற்ற ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ இந்த ஊர்ப் பெயர் கொண்ட துணிதான். அந்த வம்சத்துச் சிவப்புக் கட்டம் ஒன்று போதும், படத்தில் வைக்கும் வெள்ளைக் கூழைக்கடாப் பறவை ரோஸ் ஆகிவிடும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

நடு அடுக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாலியஸ்டர் ஷீட் சுலபம், ஆனால் சூழல் பேசும் சீலைக்குள் பிளாஸ்டிக் இழையை அடைப்பது கேலிக்கூத்து. இலவம்பஞ்சு வழுக்கும் இழை. ஒன்றையொன்று பிடிக்காது, ஒரு மூலையில் திரண்டுவிடும், ஊசித்துளை வழியாகவும் எட்டிப் பார்க்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டியை மூன்று நான்கு மடிப்பாக வைப்பதே சரி.

மூன்றையும் விரித்து, நாலு விரற்கடைக்கு ஒன்றாக ஊக்குக் குத்திவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைக்கவேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் துணி நடுவே தள்ளப்பட்டுக் கொப்பளித்து நிற்கும். பிரிப்பதைத் தவிர வழியில்லை. தண்ணீருக்குத் தையல் வரிகள் ஓர் அங்குல இடைவெளியில் படுத்து ஓடட்டும். கோரைக்கு நெருக்கமான செங்குத்து வரிகள். நெருங்கத் தைத்த இடம் அமுங்கும், விட்ட இடம் புடைக்கும். பறவையின் உடலை விட்டுச் சுற்றிலும் தைத்தால் அது தானே எழுந்து நிற்கும்.

குப்பைமேட்டுக்கு ஆவின் பால் கவர்: நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் கிடைக்கும். சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் பால் நாற்றம் போகாது. சின்னத் தையல் போட்டால் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவரும். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். மேலே கொசுவலைத் துண்டு ஒன்றைப் போர்த்தித் தைத்தால் வலைதான் இழுவையைத் தாங்கும். இதற்குப்பின் இஸ்திரிப் பெட்டி கிட்டே வரக்கூடாது, கவர் உருகிவிடும். அதனால் இஸ்திரி வேலையெல்லாம் முன்னாலேயே முடியவேண்டும்.

ஓரம் மடித்தபின், பின்பக்கம் மேலே 4 அங்குல அகலத்தில் துணிக்குழல் தைத்துக் கம்பு செருகி மாட்டலாம். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். சுவரோடு ஒட்டி மாட்டினால் பருத்தி நடுவடுக்கில் பூஞ்சை பிடிக்கும். கம்பின் இரு முனையிலும் கட்டை வைத்து ஓர் அங்குலம் தள்ளியே தொங்கவிடவேண்டும்.